பைசலின் பெயரில் ஒரு மணி நேரம்

புதுக் கார்டில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன.

பைசல் அதை வேலையிலிருந்து கொண்டுவந்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். மெஹர்னிசா சாவி எடுக்கப் போனவள் கார்டையும் எடுத்துப் பார்த்தாள். மேலே கம்பெனியின் பெயர். கீழே முகம்மது பைசல், ஊழியர். அதற்கும் கீழே மெஹர்னிசா, மனைவி. அதோடு முடிந்திருந்தது. பழைய கார்டில் மூன்றாவதாக ஒரு வரி உண்டு. ரமீஸா, மகள்.

அவன் துண்டோடு வெளியே வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"பேரை எடுத்துட்டாங்களா?"

பைசல் தலை துவட்டுவதை நிறுத்தவில்லை. "வருசா வருசம் புதுசா கேப்பாங்க மெஹர். இந்த வருசம் இன்சூரன்ஸ் கம்பெனியே வேற. ஊட்ல எத்தினி பேருன்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ரெண்டு பேருன்னு சொன்னேன்."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை அவன் எந்தக் குரலில் சொல்லியிருப்பான் என்று நினைத்தாள். கடையில் இரண்டு டீ சொல்வதைப் போலச் சொல்லியிருப்பானோ? கார்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பைசல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஸ்டீல் ரோலிங் மில்லில் எலக்ட்ரீஷியன். மெஹர்னிசா பழவேற்காட்டுப் பெண். அவளுடைய வாப்பா நூர் முகம்மதுவுக்கு இறால் வியாபாரம். கல்யாணமாகிச் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த வாடகை வீட்டுக்கு வந்தவள், ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தும் ரமீஸாவுக்காக வேலைக்குப் போகாமல் இருந்தாள். ரமீஸா எல்கேஜி முடித்து யூகேஜிக்குப் போன வருடம், மழைக்காலத்தில், டெங்கு வந்து செத்துப்போனாள். சென்னை ரோட்டில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்திருந்தார்கள். கார்டைக் காட்டியதும் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள், நல்ல கம்பெனி, கைக்காசு போகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று பேசிக்கொண்டது மெஹர்னிசாவின் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் சொந்தக்காரர்கள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகும் அவள் தினமும் மதியம் ஸ்கூல் வேன் வந்து நிற்கும் முனைக்குப் போய் நின்றாள். எதற்கு நிற்கிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வேன் டிரைவர் முதலில் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு அவளைப் பார்க்காதவர்போலப் போனார். அப்புறம் அந்த முனைக்கு வராமல் பின்தெரு வழியாகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பைசலைக் கூப்பிட்டு, "பேஜாரா கீதுப்பா பாக்கறதுக்கு, டாக்டரு யார்னா இருந்தா காட்டு" என்றார்கள்.

பஜார் டாக்டர்தான் திருவள்ளூரில் செண்பகம் என்ற கவுன்சிலரைச் சொன்னார். பழைய பாலிசியில் குடும்பத்தில் யார் கவுன்சிலிங் போனாலும் ரசீதைக் கொடுத்தால் பணம் திரும்ப வந்துவிடும். பைசல் வாரா வாரம் லீவு நாளில் அவளைப் பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். பழவேற்காட்டில் சொல்லவில்லை. வாப்பாவுக்குத் தெரிந்தால், ஓதிப் பார்க்காமல் பைத்தியக்கார டாக்டரிடம் போகிறாளா என்று குதிப்பார்.

செண்பகத்தின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது, காட்டன் புடவை, அவசரமே இல்லாத பேச்சு. முதலில் மெஹர்னிசா அங்கே ஒன்றும் பேசவில்லை. செண்பகமும் தூண்டித் துருவவில்லை. பிறகு ஒரு நாள், எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, "ரமீக்கு மாங்கா ஊறுகா புடிக்கும்" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான், இத்தனை மாதமாக அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை என்று அவளுக்கு உறைத்தது. வீட்டில் அவளும் சொல்வதில்லை, அவனும் சொல்வதில்லை. அன்று அந்த ஒரு மணி நேரமும் அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லி அழுதாள். அதிலிருந்து அந்த அறைக்குப் போவதற்காகத்தான் அவள் மற்ற நாட்களில் சமைத்தாள், குளித்தாள், எழுந்து நடமாடினாள்.

பைசல் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். திரும்பி வரும்போது பஸ்ஸில், என்ன பேசினாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் அவளை உட்காரவிட்டு நேரே பார்த்தபடி வருவான். குழந்தையைப் பழவேற்காட்டில் அடக்கம் பண்ணிய அடுத்த வாரமே ஷிஃப்டுக்குப் போனவன் அவன். ஒரு சொட்டுக் கண்ணீர் அவள் பார்க்கவில்லை. இந்த மனுஷனுக்கு நெஞ்சு இரும்பாகிவிட்டது, உருக்கு ஆலையில் இருந்து இருந்து அப்படி ஆகிவிட்டது என்று செண்பகத்திடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

புதுக் கார்டு வந்த மாதம்தான் எல்லாம் சேர்ந்து வந்தது. பைசல் கொடுத்த ரசீதுகள் திரும்பிவந்தன. அதே வாரம் செண்பகம், அவளுடைய ஒரு மணி நேரம் முடிந்த பிறகு, அவளை உடனே அனுப்பாமல் உட்காரச் சொன்னார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து ஃபீஸ் ஏத்தறேன் மெஹர்னிசா. வாடகை ஏறிடுச்சு. நாலு வருஷமா ஏத்தாம ஓட்டிட்டேன், இனிமே முடியல. முன்கூட்டியே சொல்லிடணும்னு சொல்றேன். எல்லார்கிட்டயும் இதே மாதிரி நேராத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"எவ்ளோ மேடம்?"

செண்பகம் சொன்னார். எண்ணூறு ரூபாய் ஆயிரத்து இருநூறாகியிருந்தது.

"இன்சூரன்ஸும் இல்லன்னுட்டாங்க மேடம்" என்றாள் மெஹர்னிசா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இது வரைக்கும் வந்ததே பெருசு. வுட்டுடறேன்."

"விட்டுடறேன்னு இன்னைக்கு முடிவு பண்ணாதீங்க. குறைஞ்ச ஃபீஸுக்குன்னு ரெண்டு நேரம் ஒதுக்கி வச்சிருக்கேன். இப்போ ரெண்டுலயும் ஆள் இருக்காங்க. காலியானா முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன். அதுவரைக்கும் மாசம் ஒரு தடவையாவது வரலாம். வீட்ல பேசிப் பாருங்க."

அவள் வீட்டில் பேசவில்லை. படியிறங்கியதும் பைசலிடம், "அடுத்த வாரம் வர வேணாம். எனக்கு இப்போ நல்லாத்தான் இருக்குது" என்றாள். பைசல் அவள் முகத்தைப் பார்த்தான். டீக்கடைக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு, அவளை அங்கேயே நிற்கச் சொல்லி மாடி ஏறிப் போனான். திரும்பி வந்தபோது அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

மறுநாள் அவன் மில்லின் ஆபீஸில் குணாவிடம் போனான். ஊழியர்களின் சம்பளம், லீவு, இன்சூரன்ஸ் எல்லாம் பார்ப்பவன் குணா. நல்ல பையன்தான்.

"அண்ணே, புது பாலிசில குடும்பத்துக்கு அட்மிட் ஆனாத்தான் காசு. கவுன்சிலிங் எம்ப்ளாயிக்கு மட்டும்தான். நீங்க போனா முழுசா வரும். ஏத்தின ஃபீஸும் வரும்" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு பண்ணுங்க. அண்ணி போய் வரட்டும். ரசீது மட்டும் உங்க பேர்ல வாங்கியாந்துடுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

பைசல் அதைச் செண்பகத்திடம் போனில் கேட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெஹர்னிசாவுக்கும் கேட்டது.

"பொய் ரசீது எழுத முடியாது பைசல். தப்பா நினைக்காதீங்க."

"சரி மேடம்."

"ஆனா நீங்க நிஜமாவே வரலாம்."

பைசல் மெஹர்னிசாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க வந்தா அது உங்களோட நேரம். மனைவி கூட உட்காரணும்னு நீங்க விரும்பினா உட்காரலாம், அதுல தப்பில்ல. ஆனா நான் உங்களைத்தான் கேட்பேன். நீங்கதான் பேசணும். உங்க பேரைப் போட்டுட்டு அவங்களுக்கு வைத்தியம் பார்க்க மாட்டேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லியே மேடம்."

"இல்லைன்னா இல்லைன்னு வந்து சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு பைசல் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அப்புறம், "போலாம் மெஹர். நான் சும்மா குந்திக்கினு இருக்கறேன். நடுவுல நடுவுல நீ பேசு" என்றான். தனக்காகத்தான் வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. தன்னுடைய அறைக்குள் இவனும் வந்து உட்காரப் போகிறானே என்றுதான் இருந்தது.

முதல் நாள் அவன் கிரேனைப் பற்றிப் பேசினான். மில்லில் மேலே ஓடும் கிரேனில் அடிக்கடி வயர் சூடாவது, அதைத் தான் எப்படிச் சரி செய்வது என்று. செண்பகம் பொறுமையாகக் கேட்டார். மெஹர்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடையில் அவள் வாயைத் திறந்தபோது செண்பகம், "இன்னைக்கு அவர் பேசட்டும்மா" என்று தடுத்துவிட்டார். அடுத்த முறை அவன் கிரேனைப் பற்றியும் பேசவில்லை. கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். திரும்பி வரும்போது அவள் சொன்னாள்:

"ஆயிரத்து இருநூறு ரூபா குடுத்து சும்மா குந்திக்கினு வர்றதுக்கு நான் இன்னாத்துக்கு?"

"இன்னா பேசறதுன்னு தெரியல மெஹர்."

"உங்களுக்குப் பேச இன்னா இருக்குது? என் கொழந்தையத்தானே பறிகுடுத்தேன்."

என் குழந்தை என்று அவள் சொன்னதற்கும் அவன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அது அவளை இன்னும் கொதிக்கவைத்தது.

மூன்றாவது முறை போனபோது வெளியே மழைக்கு இருட்டியிருந்தது. செண்பகம் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, ஊர்க்கதை கேட்பதுபோலக் கேட்டார்:

"நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தா பகல்ல தூக்கம் வருமா பைசல்?"

"தூங்கறதில்ல மேடம்."

மெஹர்னிசா திரும்பிப் பார்த்தாள். தினமும் பக்கத்தில்தான் படுக்கிறான். அசையாமல் படுத்திருப்பான். கட்டையைப்போலத் தூங்குகிறான், எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று எத்தனையோ நாள் அவனை வெறுத்தபடி பார்த்திருக்கிறாள்.

"எத்தனை நாளா?"

"அப்பலேர்ந்து. கண்ண மூடிக்கினு இருப்பேன்." கேட்காமலே அவன் மேலும் சொன்னான்: "தூங்கறவங்கள பாத்தா பயமா இருக்குது மேடம். இவ தூங்கினா பயம். பஸ்ல யார்னா தூங்கிக்கினு வந்தாலும் எழுப்பி வுடணும் போல இருக்குது."

"எதனால அப்படி?"

அவன் மெஹர்னிசாவைப் பார்க்கவில்லை. செண்பகம், "அவங்க கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம். இருக்கட்டும். என்னிக்கோ ஒரு நாள் சொல்லித்தானே ஆவணும்."

அவன் சொன்னது அதிக நேரம் எடுக்கவில்லை.

கடைசி நாள் மதியம். ஐசியூவுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். அன்று பைசல் உள்ளே இருந்தான். அதற்கு முந்தைய நாட்களெல்லாம் மெஹர்னிசா கண்ணை மூடவே இல்லை. மதியத் தொழுகைக்குக் கீழே போனவள் தொழுகை அறைப் பாயிலேயே தூங்கிவிட்டாள். மேலே ரமீஸா கண்ணைத் திறந்தாள்.

"நல்லாத்தான் பாத்துச்சு மேடம். என்ன பாத்து, உம்மா எங்கன்னு கேட்டுச்சு. நர்ஸு கூட, அம்மாவக் கூட்டினு வாங்கன்னாங்க. நான் கீழ ஓடனேன். கதவத் தொறந்தா இவ தூங்கறா. துப்பட்டாவ மடிச்சு தலைக்கு வச்சுக்கினு. வாய் தொறந்துக்கினு இருந்துச்சு. அவ்ளோ அசதி. கூப்புடப் போனேன். பாப்பாதான் கண்ணு முழிச்சிடுச்சே, தேறிடுச்சு, இவ ஒரு மணி நேரம் தூங்கட்டும்னு நெனச்சேன். எழுப்பல. மேல வந்துட்டேன்."

அவன் தரையைப் பார்த்தபடியே தொடர்ந்தான்.

"அப்புறம் பாப்பா கண்ண மூடிச்சு. மிஷினு கத்த ஆரம்பிச்சுச்சு. டாக்டருங்க ஓடியாந்து என்ன வெளிய தள்ளிட்டாங்க. இவ வரும்போது முடிஞ்சிடுச்சு. இவ கேட்டா, கண்ண தொறந்தாளா, எதுனா கேட்டாளான்னு. இல்ல, தூக்கத்துலயே போயிட்டான்னு சொல்லிட்டேன்."

மெஹர்னிசா எழுந்து நின்றாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. செண்பகம் அவள் பெயரைச் சொல்லி ஏதோ சொன்னார். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி மழையில் நடந்தாள்.

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். அவன் பின்னால் வந்து ஏறிக் கடைசி சீட்டில் இருந்தான். பெரியபாளையத்தில் கூட்டம் இறங்கி அவள் பக்கத்துச் சீட் காலியானது. அவன் வரவில்லை. வழியெல்லாம் அவளுக்கு அழுகையே வரவில்லை. குழந்தை தன்னைத் தேடியிருக்கிறாள், தான் கீழே வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறாள் என்பது மட்டும் நெஞ்சில் வந்து வந்து முட்டியது. இரண்டு மாடி ஏறினால் போதும். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும்.

மறுநாள் காலையில் துணிமணிகளை எடுத்துக்கொண்டு பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் போய்விட்டாள். பைசல் வாசல் வரைக்கும் பையைத் தூக்கி வந்து கொடுத்தான். "போவாத" என்று சொல்லவில்லை.

வாப்பா வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் இளைத்துப்போய் வந்திருக்கிறாள், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவள் உம்மா வேளாவேளைக்குச் சோற்றைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மெஹர்னிசா பகலில் இறால் கூடைகள் வந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். படுத்தால் தூக்கம் வந்துவிடுமோ என்று அவளுக்கும் இப்போது பயமாக இருந்தது.

சில வாரங்கள் போனபின் செண்பகம் போன் செய்தார்.

"குறைஞ்ச ஃபீஸ் நேரம் ஒண்ணு காலியாகியிருக்கு மெஹர்னிசா. பழைய ஃபீஸைவிடக் கம்மி. இது உங்களுக்கு மட்டும், இன்சூரன்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உடனே சொல்ல வேண்டாம். இந்த மாசம் முழுக்க உங்களுக்காக வச்சிருப்பேன்."

"அவரு வர்றாரா மேடம்?"

"ரெண்டு பேரையும் தனித்தனியா நானே பார்க்கறது சரியா வராது. அவருக்கு வேற ஒருத்தரைச் சொல்லியிருக்கேன். போறதும் போகாததும் அவரோட விஷயம். அதை நான் சொல்லக் கூடாது."

"என்ன எழுப்பாம வுட்டுட்டாரு மேடம்" என்றாள் அவள். அன்றைக்கு அந்த அறையில் சொல்லாமல் வந்தது அது ஒன்றுதான். செண்பகம் அந்தப் பக்கம் மெதுவாக, "ஆமாம்மா" என்றார். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் போனை வைக்காமல் இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா, தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"உன் மாப்புள வாராவாரம் வர்றாரு, தெரியுமா? ஜும்மாவுக்கு. தொழுதுட்டு கபர்ஸ்தானுல பாப்பாவ அடக்கின எடத்துக்குப் போறாராம். அங்கேர்ந்து அப்படியே பஸ் ஏறிடறாராம். ஊட்டுப் பக்கம் தலைகாட்டறதில்ல. உங்க வாப்பா கூப்புட்டும் வரலியாம்."

மெஹர்னிசா துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். டீக்கடை ஓரமாக நின்றாள். ஜும்மா முடிந்து கூட்டம் கலைந்து, இன்னும் கொஞ்ச நேரம் போனபின் அவன் வந்தான். ஆள் பாதியாக இருந்தான். அவளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

"இங்க வாங்க" என்றாள். டீக்கடை பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"எனக்கு முழுசா சொல்லுங்க. அவ உம்மா எங்கன்னு கேட்டா. நீங்க கீழ வந்தீங்க, திரும்பி மேல போனீங்க. போயி அவகிட்ட இன்னா சொன்னீங்க? ஒண்ணும் சொல்லாமயா இருந்தீங்க?"

"உம்மா தூங்கறாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"கேக்காத மெஹர்."

"சொல்லுங்க."

"கைய தூக்கி வாய் மேல விரல வச்சா. ஊசி குத்தியிருந்துச்சே, அந்தக் கை. சத்தம் போடாத வாப்பான்னா. நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்கறப்போ நீ அவள அடக்குவியே, வாப்பா தூங்கறாரு, சத்தம் போடாதன்னு. அதே மாதிரி. அதுக்கப்புறம் கிசுகிசுன்னுதான் பேசினா. தண்ணி வேணும்னா. பஞ்சுல நனைச்சு உதட்டுல வச்சேன். உம்மா எழுந்ததும் வரச் சொல்லுன்னா. அதுவும் கிசுகிசுன்னுதான்."

மெஹர்னிசா துப்பட்டா நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று கிளாஸ்களைக் கழுவத் தொடங்கினார்.

"அன்னிக்கு மேடம்கிட்ட ஏன் இத்த சொல்லல?"

"கொழந்தையே எழுப்ப வேணாம்னுச்சுன்னு சொன்னா, தப்ப அது மேல போட்ட மாதிரி ஆயிடும். அது சொல்றதுக்கு முன்னாடியே நான் எழுப்பாம வந்துட்டேன்ல."

முதல் முறையாக அவன் அழுவதை அவள் பார்த்தாள். சத்தமில்லாமல், தோள்பட்டை மட்டும் குலுங்க அழுதான். அவனைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

"நீங்க எழுப்பியிருக்கணும்" என்றாள்.

"ஆமா."

"எழுப்பியிருக்கணும்ங்க."

"ஆமா மெஹர்."

பொன்னேரி பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவன் ஏறவில்லை. அடுத்த பஸ் வரும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த பஸ்ஸில் அவனை ஏறச் சொல்லிவிட்டு, அவள் வாப்பா வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

மாதக் கடைசியில் அவள் செண்பகத்திடம் போனாள். தனியாகவே போனாள், தனியாகவே வந்தாள். அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டி வீட்டுக்கும் திரும்பினாள். மன்னித்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை, மன்னித்தாளா என்று அவளுக்கே தெரியாது. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். சின்னக் கிளாஸ் வேண்டாம், மூன்றாம் வகுப்பு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். செண்பகத்தின் ஃபீஸை அந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்தாள். பைசல் பொன்னேரியில் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தான். அங்கே என்ன பேசுகிறான் என்று அவள் கேட்பதில்லை. சில நாள் சாப்பிடும்போது யாராவது ஒருவர் ரமீயின் பெயரைச் சொல்வார்கள், இன்னொருவர் தொடர்வார். சில நாள் அந்தப் பெயரே வீட்டுக்குள் வராது.

வெள்ளிக்கிழமைகளில் அவள் பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவனோடு பழவேற்காட்டுக்குப் போவாள். பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகிற வழக்கம் அங்கே இல்லை. சுவருக்கு வெளியே, வெயிலில் நிற்பாள். அவன் உள்ளே போய் துவா கேட்டுவிட்டு வருவான்.

"எப்டி இருக்குது?" என்று கேட்பாள்.

"மழைக்கு மண்ணு கொஞ்சம் எறங்கியிருக்குது. அணைச்சு வுட்டுட்டு வந்தேன்."

"தலைமாட்டுலயா?"

"இல்ல. கால் பக்கம்."

அவள் தலையாட்டுவாள். இருவரும் பஸ்ஸுக்கு நடப்பார்கள்.